கேஜ் யார் கையில்

வேப்பலோடை

தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், தருவைகுளம் தாண்டி வேப்பலோடைப் பக்கம் வரும்போது நிலம் வெளுத்துவிடுகிறது. இருபுறமும் பாத்திகள், வரப்புகள், பனை ஓலை மூடிய உப்புக் குவியல்கள். எங்கள் கோயம்புத்தூரில் மேற்கே திரும்பினால் மலை நிற்கும்; பார்வைக்கு ஓர் எல்லை உண்டு. இங்கே அது போய்க்கொண்டே இருக்கிறது. பங்குனி மாதம். காலை பத்து மணிக்கே தார்ச்சாலையில் கானல் நெளிந்தது.

எங்கள் ஆலையின் தரப் பிரிவில் என்னோடு வேலை செய்யும் பெண்ணுக்குச் சொந்த ஊர் குளத்தூர். அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு அவர் வீட்டில் அழைத்திருந்தார்கள். என்னைக் கூட்டிப்போக வந்தது அவருடைய தம்பி. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் கடைசி வருஷம் படிக்கிற பையன். நேரே வீட்டுக்குப் போகாமல் ஓர் உப்பளத்தின் ஓரம் பைக்கை நிறுத்தினான். “எங்க மாமா இங்கதான் வேலை பாக்காங்க. ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போலாம் சார்.”

மாமாவின் பாதங்கள் உப்பில் வெளுத்து, விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தன. போர் போட்டு எடுக்கிற உப்புத் தண்ணீர் பாத்தி பாத்தியாக நகர்ந்து வெயிலில் கனம் ஏறுகிறது. அந்தக் கனத்தை இவர்கள் ‘டிகிரி’ என்கிறார்கள். போமே அளவு என்று பையன் பாடத்திலிருந்து எடுத்துக்கொடுத்தான். கடல் தண்ணீர் சுமார் 3 டிகிரி. அது 25ஐத் தொட்டால்தான் நாம் சாப்பிடுகிற உப்பு படியத் தொடங்கும். 30ஐத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் கூடச் சேர்ந்து கசந்துவிடும். அதற்குள் மிச்சத் தண்ணீரை வெளியேற்றியாக வேண்டும். மாமா ஒரு குவளையில் தண்ணீர் மொண்டு, கண்ணாடி மிதவையை இறக்கி, முட்டி போட்டுக் கோட்டைப் பார்த்தார். “இருபத்திநாலு. நாளைக்குத் தொறக்கலாம்.” அப்படியே குவளையை என்னிடம் நீட்டி, “நீங்களும் பாருங்க” என்றார். நானும் பார்த்தேன். இருபத்திநாலுதான்.

உப்பைக் குவித்த பிறகு அதிலிருந்து கசப்பைப் பொறுக்கி எடுக்க முடியாது. தண்ணீர் பாத்தியில் நிற்கும்போதே அளந்து, அப்போதே முடிவெடுக்க வேண்டும். எங்கள் தொழிலுக்கு இது பிடிபட வெகுகாலம் ஆயிற்று. செய்து முடித்த பொருளை வரிசையாக வைத்து நல்லது கெட்டது பிரிப்பதுதான் தர ஆய்வு என்று தொழிற்சாலைகள் நம்பியிருந்தன. 1924இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வால்டர் ஷூஹார்ட் ஒரு பக்கத்தில் ஒரு வரைபடம் போட்டுக் காட்டினார்: ஓடிக்கொண்டிருக்கும் வேலையிலிருந்து அவ்வப்போது சில பீஸ்களை எடுத்து அளந்து புள்ளி வைத்துக்கொண்டே வந்தால், வேலை கெடுவதற்கு முன்பே எங்கே சரிகிறது என்று தெரிந்துவிடும். அவர் வழியில் வந்த டெமிங் அதை ஜப்பானுக்குக் கொண்டுபோனார். டெமிங் பெயரிலான பரிசை இந்தியாவில் முதலில் வாங்கிய நிறுவனம் சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன், ஆண்டு 1998. கடைசி மேஜையில் உட்கார்ந்து கழிக்கும் ஆள், மெஷின் பக்கத்தில் நின்று அளக்கும் ஆளாக மாறியது நம்மூர் ஆலைகளில் அந்தக் காலகட்டத்தில்தான். வேப்பலோடையில் அந்த மனிதர் முட்டி போட்டிருந்த இடம் பாத்தியின் ஓரம், குவியலின் ஓரம் இல்லை.

குளத்தூர்

கடலோரத்தை விட்டுச் சற்று உள்ளே போனதும் நிலம் கறுக்கிறது. அறுவடை முடிந்த காட்டில் கால் வைத்தால் கட்டைவிரல் நுழையும் அகலத்துக்கு வெடிப்பு. மழைக்காலத்தில் இதே மண் ஊதிப் பெருத்து, செருப்போடு ஆளையும் பிடித்துக்கொள்ளும் என்றார்கள். கரிசலில் உள்ள களிமண் தண்ணீரைக் குடித்து விரிகிறது, காய்ந்தால் சுருங்குகிறது. அதனால் இங்கே வீட்டுக்கு அஸ்திவாரம் ஆழமாகப் போட வேண்டும். போட்டாலும் சுவரில் கோணல் கோடு விழுந்துவிடுகிறது. அவர்கள் வீட்டுக் கூடத்துச் சுவரிலும் ஒன்று ஓடியது. வருஷா வருஷம் சிமெண்ட் பூசுகிறார்கள், வருஷா வருஷம் திறந்துகொள்கிறதாம்.

இந்த விரிவும் சுருக்கமும் எங்கள் வேலையிலும் உண்டு. எங்கள் அளவு அறையில் ஆண்டு முழுக்க 20 டிகிரி செல்சியஸ். உலகம் முழுக்க நீள அளவுகளுக்கு அதுதான் பொது வெப்பநிலை. 1931இலேயே முடிவான விஷயம். வெப்பம் ஏறினால் இரும்பும் விரியும் என்பதுதான் காரணம். 100 மில்லிமீட்டர் எஃகுத் தண்டு 20 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போனால் சுமார் 17 மைக்ரான் நீளும். ஒரு தலைமுடியின் கனத்தில் கால் பங்குதான். ஆனால் நாங்கள் செய்கிற சில உறுப்புகளில் மொத்தமாக விடப்படும் ஏற்ற இறக்கமே 20 மைக்ரான்.

மத்தியானச் சாப்பாடு குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும். கோவையில் எப்போதாவது மருத்துவர் சொல்லிச் சாப்பிடுகிற தானியத்தை இங்கே ஆச்சி கரண்டி கரண்டியாக அள்ளி வைத்தார். “இன்னுங் கொஞ்சம் வச்சுக்கிடுங்கய்யா, அங்கன எங்க கெடைக்கப் போவுது.” குழம்பில் கத்தரிக்காயும் மாங்காயும் கிடந்தன. உறைப்பு அவர்கள் களத்தில் காய்ந்த வத்தலின் உறைப்பு. தாங்க முடியாமல் நான் தண்ணீரைத் தேடியபோது ஒரு துண்டு கருப்பட்டியை இலையில் வைத்தார்கள்.

கை கழுவிவிட்டுத் திண்ணைக்கு வந்ததும் என்னோடு வேலை செய்யும் பெண்ணின் அப்பா கேட்டார். மானாவாரியில் மிளகாயும் பருத்தியும் போடுகிறவர். “தம்பி, எம் மக அங்கன என்ன வேலைதான் பாக்கா? ‘இது வேண்டாம், இது வேண்டாம்’னு கழிச்சுப் போடுததா வேலை?”

மகள் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது அவர் மேலே பேசியபோதுதான் புரிந்தது. வத்தலைச் சாக்கில் கட்டிக் கமிஷன் கடைக்குக் கொண்டுபோனால், ஒரு கையை உள்ளே விட்டு அள்ளி, நொறுக்கிப் பார்த்து, “ஈரம் இருக்கு” என்று சொல்லிவிடுவார்கள். எவ்வளவு ஈரம் என்று கேட்டால் பதில் கிடையாது. விலை இறங்கும். களத்தில் போட்டு, ராத்திரி பனிக்கு மூடி, காலையில் விரித்து, வீடே காவல் காத்த வத்தல் அது. “கை வச்சுப் பாத்தே சொல்லிருவாவ. நம்ம கையும் கைதானே? நாம சொன்னா எடுபடாது.” கழிக்கிற ஆளை அவர் வாழ்நாள் முழுக்க எதிரில்தான் பார்த்திருக்கிறார். மகள் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாளோ என்கிற சங்கடம் அவருக்கு.

அன்று நான் அதிகம் பேசவில்லை, மகள்தான் சொன்னார். சொன்னது எங்கள் ஆலையில் நடந்த ஒன்று.

ஒரு வார்ப்பு உறுப்பில் 60 மில்லிமீட்டர் துளை. 60க்குக் கீழே போகக் கூடாது, 60.030க்கு மேலே போகக் கூடாது. அதைப் பார்க்க இரண்டு முனை உள்ள பிளக் கேஜ் இருக்கிறது. ‘கோ’ முனை உள்ளே இறங்க வேண்டும். சிவப்புக் கோடு போட்ட ‘நோ கோ’ முனை இறங்கக் கூடாது. இவ்வளவுதான் சட்டம். மெஷின் ஓட்டுகிறவர் அனுபவசாலி, மகளைவிட இருபது வயது மூத்தவர். ஒவ்வொரு பீஸையும் தானே கேஜ் போட்டுப் பார்த்துத்தான் தட்டில் அடுக்கியிருந்தார். இவர் போய்ப் பார்த்தபோது ‘கோ’ முனை இறங்கவில்லை. “நான் போட்டப்ப எறங்குச்சும்மா” என்று அவர் கோபப்பட்டார். சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கலாம். பலரும் அதைத்தான் செய்வார்கள்.

இவர் கேஜை அவர் கையிலேயே கொடுத்து, அப்போதுதான் மெஷினிலிருந்து இறங்கிய பீஸில் போடச் சொன்னார். வழுக்கிக்கொண்டு இறங்கியது. அதே பீஸை மேஜையில் வைத்துவிட்டு இருவரும் தேநீர் குடித்துவிட்டு வந்தார்கள். திரும்பப் போட்டபோது பாதியில் நின்றது. வெட்டுச் சூட்டில் விரிந்திருந்த துளை, ஆறியதும் சுருங்கிவிட்டது. 20 டிகிரி சூடு வித்தியாசம் இருந்தாலே அந்த அளவுத் துளையில் பத்துப் பன்னிரண்டு மைக்ரான் போய்விடும். அவர் பார்த்ததும் பொய்யில்லை, இவர் பார்த்ததும் பொய்யில்லை. அவரே செட்டிங்கைச் சற்று மேலே ஏற்றி வைத்தார். ஆறவைத்து அளப்பது என்று அந்த மெஷினில் எழுதி ஒட்டியதும் அவர்தான்.

அப்பா வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்போ அந்தக் கருவி அவர் கையிலயும் இருக்கும், ஒன் கையிலயும் இருக்கும்” என்றார்.

“ஆமாப்பா. ரெண்டும் ஒண்ணுதான்னு வருஷா வருஷம் வேற எடத்துல குடுத்துச் சோதிச்சு சர்டிபிகேட் வாங்கணும்.”

“அது நல்ல ஏற்பாடு” என்றார்.

தர ஆய்வாளர் வேலையைப் பற்றி எழுதுகிறவர்கள் கண்டிப்பு, கூர்மை, நேர்மை என்றெல்லாம் அடுக்குவார்கள். அவை வேண்டியவைதான். ஆனால் நான் இத்தனை காலம் இந்த வேலையில் இருந்து எல்லாவற்றுக்கும் மேலாக மதிப்பது அந்தத் திண்ணையில் அவர் பிடித்துக்கொண்ட விஷயத்தைத்தான். செய்தவனும் பார்க்கிறவனும் ஒரே கருவியை, ஒரே எண்ணைப் பார்க்க முடிகிற இடத்தில்தான் ‘இது ஆகாது’ என்கிற சொல்லுக்கு நியாயம் இருக்கிறது. அது இல்லாத இடத்தில் கழிப்பது வெறும் அதிகாரம்.

சாயங்காலம் பொங்கல் பானைகள் பொங்கின. ஊர்ப் பெண்கள் குலவையிட்டார்கள். ராத்திரி வானத்தில் தெரிந்த அவ்வளவு நட்சத்திரத்தைக் கோவையில் நான் பார்த்ததில்லை.

விளாத்திகுளம்

மறுநாள் பையனோடு கோவில்பட்டிக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் சீமைக் கருவேலம். அது விட்ட இடத்தில் பனை, பனை விட்ட இடத்தில் மிளகாய்க் களம். கரும்பழுப்புத் தரையில் சிவப்பை விரித்து வைத்திருந்தார்கள். ஒரு களத்தில் நான்கைந்து பெண்கள் குத்தவைத்து, வெளுத்த வத்தலையும் உடைந்ததையும் பொறுக்கித் தனியே போட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். கை தவறவே இல்லை. தார்ப்பாய் விரித்துக் காயப்போட்டால் மண்ணும் ஒட்டாது, வெளுப்பும் குறையும், பொறுக்குகிற வேலை பாதியாகும் என்று ஒரு அக்கா சொன்னார். தார்ப்பாய் வாங்கத்தான் காசு வேண்டும்.

ஒரு பனையடியில் பதநீர் குடித்தோம். சுண்ணாம்பு வாசத்தோடு குளிர்ந்திருந்தது.

எட்டயபுரம்

பாரதி பிறந்த வீட்டையும், 1835இல் இங்கேயே மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் சமாதியையும் பார்த்துவிட்டு ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். பையன் அதுவரை அடக்கி வைத்திருந்த கேள்வியைக் கேட்டான். “சார், ஆயிரத்துல ஒரு பீஸ் உங்க கண்ணுல படாம தப்பிப் போச்சுன்னா என்ன ஆயிரும்? பிரேக்னா தெரியுது. மத்ததுக்கு?”

அவனுக்கு மகேந்திரகிரியில் வேலைக்குப் போக ஆசை. திருநெல்வேலி மாவட்டத்துத் தெற்கு முனையில், மலையடிவாரத்தில், இஸ்ரோவின் திரவ எரிபொருள் எஞ்சின்களையும் கிரையோஜெனிக் எஞ்சின்களையும் ஓட்டிப் பார்க்கும் இடம் அது. குலசேகரன்பட்டினத்திலும் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். இந்தக் கரையோரப் பிள்ளைகளின் பேச்சில் இப்போது ராக்கெட் அதிகம். அதனால் அந்தத் துறையிலிருந்தே சொன்னேன்.

2006 ஜூலை 10. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி.–எஃப்02 கிளம்பியது. தலையில் இன்சாட்–4சி செயற்கைக்கோள், இரண்டாயிரம் கிலோவுக்கு மேல். பக்கவாட்டில் நான்கு திரவ எரிபொருள் எஞ்சின்கள். அதில் ஒன்று கிளம்பிய உடனேயே உந்துவிசையை இழந்தது. ஒரு நிமிஷத்தில் ராக்கெட் பாதை விலகிச் சிதறி வங்கக் கடலில் விழுந்தது. காரணம் தேடிய குழு ஒரு ரெகுலேட்டரில் வந்து நின்றது. எரிபொருள் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சின்ன உறுப்பு. மூடிய நிலையில் விடவேண்டியதைவிட அது அதிகமாக விட்டிருக்கிறது. தயாரிப்பில் தெரியாமல் நேர்ந்த ஒரு பிழை, அதற்குப் பின் வந்த ஆய்வுகளையும் ஏற்புச் சோதனைகளையும் தாண்டிப் போயிருக்கலாம் என்பது குழுவின் முடிவு. வடிவமைப்பில் கோளாறு இல்லை. முக்கியமான அளவுகளை இன்னொருவரும் தனியாக ஆய்வு செய்ய வேண்டும் என்றும் பரிந்துரைத்தார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பர் 2ஆம் தேதி அதே வகை ராக்கெட் இன்சாட்–4சிஆரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

பையன் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அத செக் பண்ணுன ஆளுக்கு என்ன சார் ஆச்சு?” என்றான்.

எனக்கு அந்தக் கேள்வி பிடித்தது. அந்த அறிக்கையில் நான் மதிப்பது, ஓர் ஆளின் கண்ணைக் குற்றம் சொல்லாமல் செய்முறையிலும் ஆய்வுமுறையிலும் ஓட்டை எங்கே என்று தேடியதைத்தான். ஒருவரைத் தண்டித்திருந்தால் அடுத்த ரெகுலேட்டரும் அதே வழியாகத் தப்பியிருக்கும். பிழை கண்ணில் படாததற்கு ஆய்வாளரின் அசட்டை காரணமாக இருப்பது குறைவு. அளக்கவேண்டிய இடம் அளவுப் பட்டியலிலேயே இல்லாமல் இருக்கும். அல்லது அளக்கும் முறை அந்தக் குறையைக் காட்டாததாக இருக்கும். அல்லது, இது நான் நிறையப் பார்த்தது, லாரி வாசலில் நின்றுகொண்டிருக்கும்.

கோவில்பட்டி

கோவில்பட்டி இறங்கியதும் முதலில் கடலைமிட்டாய். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். ஒரு கடையின் பின்கட்டில் பாகு காய்ச்சுகிறவர் துளி எடுத்துத் தண்ணீரில் விட்டு, உருட்டி, தட்டிப் பார்த்தார். சத்தம் வந்தது, கடலையைக் கொட்டினார். கேட்கக்கூட நேரமில்லை அவருக்கு.

இந்த ஊருக்குப் பருத்தியைத் தரம் பார்ப்பதில் பழைய பழக்கம் உண்டு. 1891இல் இங்கே லாயல் மில் தொடங்கியது. வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901இல் வந்தது. கரிசலுக்கே உரிய கருங்கண்ணிப் பருத்தியை மேம்படுத்தி ‘கே’ என்ற எழுத்தில் ரகங்கள் விட்டது. நூற்பாலை ஒன்றின் சோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அண்ணாச்சியைப் பையனுக்குத் தெரியும். அவர் ஒரு கொத்துப் பஞ்சை இரண்டு கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து இழுத்தார், அடுக்கினார், மறுபடி இழுத்தார். கடைசியில் நுனி சீராக நின்ற ஒரு சின்ன நார்க் கற்றை விரலில் மிஞ்சியது. அதைக் கறுப்புத் துணிமேல் வைத்து, இழை நீளத்தைச் சொன்னார். இப்போது இதையெல்லாம் ஒரு கருவி நீளம், வலு, நுண்மை என்று எண்ணாகவே தந்துவிடுகிறது. கைப்பழக்கம் போய்விட்டதே என்று வருந்துவார் என்று எதிர்பார்த்தேன். “கருவிதான் நல்லது. நான் சொன்னா வியாபாரி சண்டைக்கு வருவான். அது சொன்னா வாயத் தொறக்க மாட்டான். ஆனா பஞ்ச எந்தச் சாக்குல, எந்த எடத்துல இருந்து எடுக்கணும்ங்கறது கருவிக்குத் தெரியாது. அத ஆள்தான் எடுத்துக் குடுக்கணும்” என்றார். பையன் அதைக் குறித்துக்கொண்டான்.

கடைசியாக ஒரு தீப்பெட்டி ஆலை. 1920களில் அய்யநாடாரும் சண்முகநாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த தொழில் சிவகாசியிலிருந்து பரவி இந்த வானம் பார்த்த பூமிக்குக் கஞ்சி ஊற்றியது. இங்கே மெழுகும் மருந்தும் ஏறிய குச்சிகள் மெஷினில் வரிசையாக நகர்கின்றன. பெட்டியில் அடைபடும் இடத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அறுபது இருக்கும். கைநிறையக் குச்சிகளை அள்ளித் தலைகளை ஒரு பக்கமாகத் திருப்பி, மருந்து ஏறாததையும் இரண்டு தலை ஒட்டிக்கொண்டதையும் விரலாலேயே உருவிப் போட்டார். நடுநடுவே ஒரு பெட்டியை எடுத்து ஒரு குச்சி உரசுவார். பற்றுகிற சத்தத்திலேயே அவருக்குத் தெரிகிறது.

எட்டு வயதில் இந்தத் தொழிலுக்கு வந்தவர் அவர். இருட்டோடு வேன் வந்து ஊர் ஊராகப் பிள்ளைகளை அள்ளிப்போன காலம். எழுத்தாளர் பூமணி ‘கருவேலம்பூக்கள்’ படத்தில் காட்டியிருப்பது அதைத்தான். ‘கட்டை’ எனும் சட்டகத்தில் குச்சி அடுக்குவது பிள்ளைகளின் வேலை. கூலி கட்டைக் கணக்கில். சாயங்காலம் கணக்கப்பிள்ளை வருவார். ஒரு பார்வை பார்த்து, “சரியில்ல” என்று தள்ளி வைப்பார். எது சரியில்லை என்று சொல்லமாட்டார். அந்தக் கட்டைக்குக் கூலி இல்லை. அடுத்த நாள் பிள்ளை எதைத் திருத்திக்கொள்வது?

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று பையன் அவரிடம் சொன்னான். அவர் கையை நிறுத்தாமல் கேட்டார்: “நீங்க கழிச்சுப் போடுத சாமானுக்குக் கூலி உண்டா சார்?”

எங்கள் ஆலையில் மாதச் சம்பளம், அதனால் உண்டு என்றேன். ஆனால் எங்களுக்குச் செய்துதரும் சின்னப் பட்டறைகள் பலவற்றில் பீஸ் கணக்குத்தான். அங்கே நாங்கள் கழிப்பது ஓர் ஆளின் அன்றைய சாப்பாட்டில் கைவைப்பது. அதையும் மறைக்காமல் சொன்னேன்.

“கழிக்கதா இருந்தா காலையிலயே வந்து கழிச்சிரணும். சாயங்காலம் வந்து கழிக்கக் கூடாது” என்றார்.

மெஷினில் வருகிற முதல் பீஸை அளந்து, சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் இரண்டாவதை ஓட்டவேண்டும் என்று எங்களிடம் ஒரு முறை இருப்பதைச் சொன்னேன். பட்டறைகளுக்கும் அதே கேஜைக் கொடுத்து, முதல் பீஸை அவர்களே பார்த்துக்கொள்ளும்படி செய்துவருகிறோம். இன்னும் எல்லா இடத்துக்கும் கொடுத்து முடியவில்லை.

“மிச்ச எடத்துக்கும் குடுத்துருங்க சார்” என்றார் அந்த அம்மா.